காற்றின் கீழ்ப்பக்கம்

பங்குனி பிறந்து பத்து நாளில் மூன்று குட்டி போயிற்று.
மூன்றாவது, பொட்டு மறியின் தலைச்சன்.
கூடையைக் கவிழ்த்துக் கல்லேற்றி வைத்திருந்தேன்.
கல் வைத்தபடியே இருந்தது.
கூடைக்கு அடியில் மட்டும்
ஒரு கை நுழையும் அளவு பள்ளம்.

கொழுந்தன் பூவலிங்கம் கவணுக்குப் புதுக்கயிறு திரித்தான்.
"கத்துறது நீதான் மதினி, எனக்குக் கட்டைத்தொண்டை."
பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முதுகைத் திருப்பினால்
இளங்குட்டி மாதிரிக் கத்துவேன்.
ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனதற்கு
அதுவும் ஒரு காரணம்.

கானாடுகாத்தானுக்கு வெளியே அறுத்துப்போட்ட வயல்.
கிழக்கே கண்மாய், உள்வாயெல்லாம் சீமைக்கருவேலம்,
அதற்குள் நரியின் குடித்தனம்.
மேற்கே ஒரு செட்டியார் வீடு:
தலைவாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில்,
சாவி மட்டும் ஏதோ கப்பல் போகும் ஊரில்.
தெற்கே எங்கள் கிடை. முந்நூற்றுப் பன்னிரண்டு உருப்படி.

பொழுது சாய்ந்ததும் கொண்டல் வந்தது.
கடலிலிருந்து வருவதாகச் சொல்வார்கள்,
உப்பு ருசி எனக்குத் தெரிந்ததில்லை.
காற்றை எதிர்த்துக் கத்தினால் குரல் போகாது.
காற்றோடு கத்தினால்
குரல் போகிற வண்டியிலேயே வேர்வையும் ஏறிப் போகும்,
பீடி, பூண்டு, பூவலிங்கம் முட்டியில் தடவிய தைலம்.
குட்டி என்று குரல் சொல்லும்.
மனுசர் என்று மணம் காட்டிக்கொடுக்கும்.
நரி முதலில் காதைக் கேட்கும்,
முடிவாக மூக்கைக் கேட்கும்.

அதனால் அந்த வீட்டின் முதுகுச் சுவருக்கு
முப்பதடி முன்னே, வரப்பு மறைவில் உட்கார்ந்தோம்.
நாறினாலும் சுவருக்குத்தான் நாறும் என்று
பூவலிங்கம் கணக்குப் போட்டான்.

கத்தினேன்.
பசித்த குட்டி. முள்ளில் மாட்டிய குட்டி.
பிறகு எனக்கே தெரியாத ஒரு குட்டி.
நடுநடுவே புழுதியைக் கிள்ளி விட்டுப் பார்த்தோம்.
மேற்கே போன புழுதி எங்கள் மடிக்கே வந்தது.
சுவரில் மோதிய கொண்டல், போக வழியில்லாமல்
திரும்பி வந்து கழுத்தில் மூச்சுவிட்டது.
எத்தனை சன்னல் அந்த வீட்டுக்கு!
ஒன்றாவது திறந்திருக்கக் கூடாதா.

நடுச்சாமத்தில் காற்று செத்தது.
சரக்கு ரயில் ஒன்று ஊரைக் கடக்க
அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது.
அப்புறம் வடக்கிலிருந்து வாடை அடித்தது.
இரண்டு பொருளிலும் வாடை.
பூவலிங்கம் கவணை மடியில் போட்டான்.
"இன்னும் ஒரு தரம் கத்து" என்றான்,
"வந்ததுக்கு."

கத்தினேன்.
தெற்கே கிடையில் வலை அறுகிற சத்தம்.
இருட்டில் ஒரு வெள்ளைப் பொட்டு
ஓட்டமும் நடையுமாய் வந்தது,
பால் கட்டிய மடி தொடைக்குத் தொடை இடிக்க.
என் வாயை மோந்தது.
என் பின்னால் தேடியது.
பூவலிங்கத்தின் பின்னால் தேடியது.
மறுபடி வந்து என் வாயை மோந்தது.

அதற்குமேல் நான் கத்தவில்லை.
வலி குறையட்டும் என்று
மடியைப் பீச்சி மண்ணில் விட்டேன்.
பிறகு மூன்று பேருமாய்க் கிடைக்குப் போனோம்.

விடிந்தபின் பார்த்தால்
எங்களுக்கும் சுவருக்கும் நடுவில் தடம்.
கண்மாயிலிருந்து நேரே வரவில்லை,
வடக்கால் ஊரைச் சுற்றி வந்திருக்கிறது.
உட்கார்ந்த இடத்தில் வால் கூட்டிய புழுதி.
வாடை திரும்பியதும் எழுந்து, தெற்கே இடம் மாற்றி,
மறுபடி உட்கார்ந்திருக்கிறது.
கவண் வேண்டாம், துப்பினால் எட்டும்.

நான் பால் விட்ட மண்ணை
நாக்கு வழித்திருந்தது.

பூவலிங்கம் அது உட்கார்ந்த இடத்தில் குந்தினான்.
வெகுநேரம் எழவில்லை.
"இங்கேருந்து பார்த்தா
நம்ம ரெண்டு முதுகும் நல்லாத் தெரியுது மதினி."